ஏலக்காய் பாட்டிலும் எண்பத்தெட்டு மைக்ரோகிராமும்

புனேவுக்கு வந்த இந்தப் பதினாறு வருஷத்தில் எங்கள் வீட்டுச் சமையலறையில் எத்தனையோ பாட்டில்கள் மறுபிறவி எடுத்திருக்கின்றன. ஹார்லிக்ஸ் பாட்டிலில் உளுந்து, காபி பாட்டிலில் வெந்தயம், ஊறுகாய் பாட்டிலில் புளி. அம்மா ஊரிலிருந்து வந்தால் இந்தக் கூட்டத்தில் இன்னும் நாலு சேரும். 2023-ல் ஒரு சாயங்காலம், அப்படி மறுபிறவி எடுத்த ஒரு குட்டி வெள்ளைப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நானும் தங்கமணியும் அரைமணி நேரம் முழித்துக்கொண்டு நின்றோம். உள்ளே ஏலக்காய். வெளியே ஒன்றுமே இல்லை. லேபிளைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, தேங்காய் நார் வைத்துத் தேய்த்து, பசைகூட ஒட்டாமல் பளிச்சென்று ஆக்கி வைத்திருந்தார் அம்மா.

எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த லேபிளில் இருந்த ஒரு நம்பர்.

விஷயம் இதுதான். அந்த வருஷம் அபாட் கம்பெனி, தைரோநார்ம் மாத்திரையில் ஒரு பேட்ச்சை மட்டும் திரும்பப் பெற்றது. தைராய்டு சுரப்பி மந்தமாகிவிட்டவர்கள் காலையில் வெறும் வயிற்றில் போடுவார்களே, அந்த மாத்திரை. மாத்திரையில் கோளாறு கிடையாது. பாட்டில் மேல் ஒட்டியதில் கோளாறு. லேபிளில் 25 மைக்ரோகிராம் என்று இருந்தது, உள்ளே இருந்ததோ 88 மைக்ரோகிராம். அந்த பேட்ச் போன இடம் மத்தியப் பிரதேசமும் தெலங்கானாவும் என்று செய்தி வந்தது.

செய்தி என்றா சொன்னேன்? எங்களுக்கு வந்தது செய்தி இல்லை, அத்தான் குடும்ப வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்ட ஃபார்வர்டு. நாலு சிவப்பு விளக்கு, "தைராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள் உடனே நிறுத்தவும்", "அனைவருக்கும் பகிரவும்". கம்பெனி பேர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, எந்த மாநிலம் என்று இல்லை. நான்தான் உட்கார்ந்து தேடி உண்மை எது என்று பார்த்தேன்.

பார்த்த பிறகு பயம் கூடியது. காரணம், எங்கள் அம்மா குடும்பத்தின் எக்ஸ்பிரஸ் ரயில் மாதிரி. கோவில்பட்டியில் அண்ணன் வீட்டில் நாலு மாசம், செகந்திராபாத்தில் அக்கா வீட்டில் நாலு மாசம், இங்கே நாலு மாசம். சீட்டு எழுதியது கோவில்பட்டி டாக்டர். மாத்திரை வாங்குவது மூன்று மாநிலத்தில், அந்தந்த ஊர்க் கடையில். வெளியூரில் குடும்பம் நடத்துகிற நம்மில் முக்கால்வாசிப் பேர் வீட்டுப் பெரியவர்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். ஒரே நோயாளி, ஒரே சீட்டு, ஆனால் எந்தக் கடைக்காரருக்கும் அவரை முழுசாகத் தெரியாது. அம்மா அப்போது போட்டுக்கொண்டிருந்தது தைராய்டு மாத்திரை, அளவு 25, வாங்கியது செகந்திராபாத்தில்.

எந்தக் கம்பெனி என்று அக்காவுக்குப் போன் போட்டேன்.

"வெள்ளை பாட்டில்டா. நீளமா இருக்கும்."

"பேரு?"

"தைராய்டு மாத்திரைன்னு கேட்டா குடுப்பான். பில்லா? அவன் எங்க பில்லு குடுத்தான்?"

அக்கா ஒரு கல்லூரியில் கணக்கு வாத்தியார் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். படித்தவர், படிக்காதவர் என்ற பேதமெல்லாம் இந்த விஷயத்தில் இல்லை.

பாட்டில் ஏலக்காய்க்குப் போய்விட்டது. மாத்திரைகள், திங்கள் முதல் ஞாயிறு வரை கட்டம் போட்ட டப்பாவிலும், மிச்சம் ஒரு எவர்சில்வர் சம்புடத்திலும் இருந்தன. சம்புடத்துக்குள் பிரஷர் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, கால்சியம் எல்லாம் அட்டை அட்டையாக. அட்டைகளையும் கத்தரிக்கோலால் நறுக்கி, தேதி வாரியாக ரப்பர் பேண்டு போட்டிருந்தார். பேட்ச் நம்பரும் காலாவதித் தேதியும் அச்சடித்திருந்த ஓரம் எந்தக் குப்பைத் தொட்டிக்குப் போனதோ! எங்கள் எல்லாரையும்விட அம்மாதான் ஒழுங்கானவர். அந்த ஒழுங்கே எங்களுக்கு எமனாக வந்து நின்றது.

"ஏய்யா, நான் பாட்டுக்குத் தின்னுக்கிட்டுத்தான இருக்கேன். எனக்கு என்ன செஞ்சுட்டு இப்ப?" என்றார் அம்மா.

ஆனால் மூன்று வாரமாகத் தூக்கம் வரவில்லை என்று அவர்தான் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்றார். நாங்களும் ஆளுக்கொரு வைத்தியம் சொல்லியிருந்தோம். சாயங்காலம் காபி வேண்டாம் என்றேன் நான். இடம் மாறினால் அப்படித்தான் இருக்கும் என்றாள் தங்கமணி. அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. சாக்கன் பக்கம் வண்டி உதிரிபாகம் செய்கிற ஆலை ஒன்றில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆணி பிடுங்குபவன். மருந்து பற்றி இங்கே எழுதுவது டாக்டரிடமும் படித்தும் தெரிந்துகொண்டது. பேட்ச், லேபிள், திரும்பப் பெறுதல் பற்றி எழுதுவது மட்டும் என் சோற்றுத் தொழில். மருந்து விஷயத்தில் என்ன மாற்றம் செய்வதானாலும் உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

25-க்கும் 88-க்கும் மூன்றரை மடங்கு வித்தியாசம். இதே மாத்திரை 88-ஆகவே சீட்டில் எழுதப்படுவதும் உண்டு, அந்த அளவு தேவைப்படுகிற ஆளுக்கு அது மருந்துதான். கேள்வி, 25 யாருக்கு எழுதுகிறார்கள் என்பது. வயதானவர்களுக்கும் இதய நோய் உள்ளவர்களுக்கும் டாக்டர்கள் கொஞ்சமாகத் தொடங்கி, ரத்தப் பரிசோதனை பார்த்துப் பார்த்து மெள்ள ஏற்றுவார்கள். தைராய்டு ஹார்மோன் அளவு கூடினால் இதயம் வேகமெடுக்கும், துடிப்பு தாளம் தப்பலாம், கை நடுங்கும், தூக்கம் போகும். வயதான பெண்களுக்கு நாளாக ஆக எலும்பும் தேயும். ஆக, 25 என்று லேபிள் ஒட்டிய பாட்டில் போய்ச் சேருகிற வீடுகளில் நிறைய, எந்த டாக்டரும் ஒரே நாளில் மூன்றரை மடங்கு ஏற்றத் துணியாத ஆட்களின் வீடுகள். தப்பு நடந்தது ஒரு எண்ணில். அது போய் விழுகிற இடம், தாங்குகிற சக்தி குறைந்த இடம்.

இன்னொன்று. இது உடனே காட்டிக்கொடுக்காது. இந்த ஹார்மோன் ரத்தத்தில் பாதியாகக் குறையவே கிட்டத்தட்ட ஒரு வாரம் ஆகும். அளவை மாற்றினால், ஆறு முதல் எட்டு வாரம் கழித்துத்தான் டிஎஸ்எச் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். அதாவது, தப்பான பாட்டிலை இன்று திறந்தால் உடம்பு மெள்ள மெள்ளத்தான் மாறும். அதற்குள் நாமும் காபி, குளிர், கவலை என்று பத்துக் காரணம் கண்டுபிடித்து வைத்திருப்போம். மாத்திரை கசக்கவில்லை, நிறம் மாறவில்லை, நாற்றம் இல்லை. மருந்து கெட்டுப்போனால் மூக்கோ கண்ணோ சொல்லும். லேபிள் தப்பினால் சொல்வதற்கு ஒருவரும் இல்லை. பேட்ச் நம்பர் ஒன்றுதான் சொல்லும்.

இப்படி எப்படி நடக்கிறது என்று தங்கமணி கேட்டாள். "கண்ணு தெரியாதா அவங்களுக்கு?"

கண் தெரிந்தாலும் நடக்கும். ஒரு லைனில் ஒரு பேட்ச் முடிந்து அடுத்தது தொடங்குவதற்கு முன் எல்லாவற்றையும் துடைத்தெடுக்க வேண்டும். மிஷினுக்கு அடியில் ஒரு பாட்டில், ஓரத்தில் பழைய லேபிள் சுருளில் நாலு லேபிள், எதுவும் மிஞ்சக் கூடாது. பிறகு கணக்கு. எத்தனை லேபிள் கொடுத்தோம், எத்தனை ஒட்டினோம், எத்தனை கிழித்துப் போட்டோம், எத்தனை மிச்சம். கூட்டினால் நேராக வேண்டும். நேராகவில்லை என்றால் சரக்கு வெளியே போகக் கூடாது. எங்கள் ஆலையிலும் இதேதான், அங்கே லேபிளுக்குப் பதில் இடது கதவுக்கும் வலது கதவுக்குமான பாகம். மிகவும் ஆபத்தான நேரம் எது தெரியுமா? ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு பொருள் மாறும்போது இல்லை. ஒரே பாட்டில், ஒரே டிசைன், ஒரே எழுத்து, ஒரு எண் மட்டும் வேறு என்கிறபோதுதான். பார்த்துப் பார்த்துப் பழகிய கண் அந்த எண்ணை வாசிப்பதை நிறுத்திவிடும். ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் நானே இப்படி ஏமாந்திருக்கிறேன், எழுதக் கூச்சமாக இருக்கிறது.

அதனால் தப்பே நடக்கக் கூடாது என்று நான் இங்கே முழங்கப் போவதில்லை. நடக்கும். 2018 ஆகஸ்ட் கடைசி வாரத்தில் அமெரிக்காவில் அடுத்தடுத்து இரண்டு நடந்தன, இரண்டுமே நம் நாட்டு மருந்து நிறுவனங்களின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அகமதாபாத் இன்டாஸின் அக்கார்டு ஹெல்த்கேர் ஒன்று: பிரஷருக்கான ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5 மில்லிகிராம் என்று லேபிள் ஒட்டிய நூறு மாத்திரைப் பாட்டிலுக்குள் ஸ்பைரோனோலாக்டோன் 25 மில்லிகிராம். ஹைதராபாத் ஹெட்டிரோவின் கேம்பர் இன்னொன்று: ஆஸ்துமாவுக்கான மாண்டெலுகாஸ்ட் 30 மாத்திரைப் பாட்டிலுக்குள் லோசார்டான் 50 மில்லிகிராம், அதுவும் 90 மாத்திரை. லோசார்டான் பிரஷர் மருந்து, கர்ப்பிணி சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல்.

அந்த அறிவிப்புகளில் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. அக்கார்டு அறிவிப்பில், "உங்கள் மாத்திரை எப்படி இருக்க வேண்டும்" என்று எழுதியிருந்தார்கள். வெளிர் ஆரஞ்சிலிருந்து பீச் நிறம், உருண்டை, ஒரு பக்கம் எச், மறுபக்கம் 1. இப்படி இல்லையென்றால் மருந்துக்கடையைக் கூப்பிடு. அங்கே பாட்டில் தொலைந்தாலும் மாத்திரையே பேசும், மேலே அடையாளம் பொறித்திருக்க வேண்டும் என்று சட்டம். மருந்துக்கடையில் நோயாளியின் பேரும் போன் நம்பரும் இருக்கும். அம்மாவின் சம்புடத்தைக் கொட்டிப் பார்த்தேன். ஏழு வகை மாத்திரையில் ஐந்து வெறும் வெள்ளை உருண்டை. நெற்றியில் திருநீறுகூட இல்லாத மொட்டை :-)

(அமெரிக்கா என்றால் எல்லாம் ஒழுங்கு என்று நினைத்துவிட வேண்டாம். அங்கே 2011-ல் கருத்தடை மாத்திரை அட்டைகள் தலைகீழாக மாட்டிக்கொண்டு, எந்த வாரத்து மாத்திரை எது என்பதே புரண்டுபோன கூத்தும் நடந்திருக்கிறது.)

சரி, நம் நாட்டில் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012-ல் திரும்பப் பெறுதலுக்கு வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. மருந்தின் ஆபத்தைப் பொறுத்து மூன்று வகுப்பு. முதல் வகுப்பு என்றால் 24 மணி நேரத்தில், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் விற்பனை நிற்க வேண்டும். இரண்டாவதுக்குப் பத்து நாள், மூன்றாவதுக்கு முப்பது நாள். தயாரிப்பு உரிமத்தின் நிபந்தனைகளிலும் ஒரு வாசகம் உண்டு. அதிகாரி சொன்னால், குறையுள்ள பேட்ச்சின் மிச்சத்தை விற்பனையிலிருந்து எடுத்துவிட வேண்டும், ஏற்கனவே வெளியே போனதை "சூழ்நிலையில் இயன்ற அளவுக்கு" திரும்பப் பெற வேண்டும். 2023 டிசம்பரில் திருத்தி அறிவித்த ஷெட்யூல் எம், ஒரு மருந்தைத் திரும்பப் பெற்றால் உரிமம் தருகிற அதிகாரிக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்கிறது. தரம் தவறிய மருந்துகளின் பட்டியலும் பேட்ச் நம்பரோடு மாதாமாதம் இணையத்தில் வருகிறது, ஆங்கிலத்தில்.

இவை எல்லாவற்றையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். கம்பெனி அதிகாரிக்குச் சொல்கிறது. கம்பெனி மொத்த வியாபாரிக்குச் சொல்கிறது. மொத்த வியாபாரி கடைக்குச் சொல்கிறார். கடைக்காரர் அலமாரியில் இருக்கிற பாட்டிலை எடுத்துத் திருப்பி அனுப்புகிறார். அத்தோடு சங்கிலி முடிந்தது. போன வாரமே விற்றுப்போய், இன்று ஒரு கிழவியின் சம்புடத்தில் இருக்கிற பாட்டில்? அதற்குத்தான் "இயன்ற அளவுக்கு".

என் சண்டை முழுக்க இந்த இரண்டு வார்த்தையோடுதான்.

என் காரில் எரிபொருள் பம்ப் கோளாறு என்று கம்பெனி திரும்பப் பெற்றபோது, கடிதம் வந்தது, குறுஞ்செய்தி வந்தது, சர்வீஸ் சென்டரிலிருந்து ஒரு பெண் மூன்று முறை போன் செய்தார். மூன்றாம் முறை நான் மீட்டிங்கில் இருந்து எரிந்து விழுந்தேன், அப்போதும் விடவில்லை. காருக்குச் சேஸிஸ் நம்பர் இருக்கிறது, அது யார் பேரில் என்று பதிவு இருக்கிறது. வாகனத் தொழிலில் 2012-லேயே சங்கம் தானாக ஒரு நடைமுறை வைத்துக்கொண்டது. 2019 மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தில் அரசே திரும்பப் பெற உத்தரவிடலாம் என்று வந்து, 2021 ஏப்ரலில் விதிகளும் அமலாகிவிட்டன. எங்கள் ஆலையிலிருந்து போகிற ஒரு சின்ன ஸ்பிரிங்கைக்கூட எந்த வண்டியில் எந்தத் தேதியில் மாட்டினார்கள் என்று என்னால் சொல்ல முடியும். அம்மா விழுங்குகிற மாத்திரை எந்த பேட்ச் என்று என்னால் சொல்ல முடியவில்லை. இந்தத் தொழிலில் இருபது வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இதைவிட அவமானம் என்ன வேண்டும்?

உடனே சிலர் சொல்வார்கள், கார் லட்சக்கணக்கில் விற்கிற பொருள், மாத்திரை கோடிக்கணக்கில், ஒவ்வொருவரையும் தேடிப் போக முடியுமா என்று. இருபது வருஷத்துக்கு முன்னால் இது நியாயமான கேள்வி. இன்றைக்கு? என் போனில் மருந்து விற்கிற செயலி ஒன்று இருக்கிறது. மாமனாருக்கு ஒருமுறை அதில் பிரஷர் மாத்திரை வாங்கினேன். முப்பது மாத்திரை. இருபத்தைந்தாம் நாள் காலையில் "உங்கள் மருந்து தீரப் போகிறது" என்று செய்தி வந்துவிட்டது. அட, என் மாமியாருக்குக்கூடத் தெரியாத கணக்கு! தெருமுனை மெடிக்கலிலும் கம்ப்யூட்டர் பில் இருக்கிறது, போன் நம்பர் கேட்டுத் தட்டிக்கொள்கிறார்கள், தீபாவளிக்கு வாழ்த்துச் செய்தி அனுப்புகிறார்கள். விற்பதற்கு என் வீடு தெரிகிறது என்றால், "அந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள், கொண்டுவாருங்கள், வேறு தருகிறோம்" என்று சொல்வதற்கும் தெரிய வேண்டும். சூழ்நிலையில் இயன்ற அளவு என்றால், சூழ்நிலை மாறிவிட்டது. விதியில் இருக்கிற அந்த வாசகம்தான் இன்னும் பழைய காலத்திலேயே நிற்கிறது.

டாக்டர் நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "நீ வேற. ரீகால்னு கேள்விப்பட்டாலே பாதிப் பேர் மாத்திரையையே நிறுத்திடுவான். தைராய்டு, பிரஷர், வலிப்பு மாத்திரை எல்லாம் திடீர்னு நிறுத்தினா அதுவே பெரிய ஆபத்து. பேட்ச்ல இல்லாதவனையும் பயமுறுத்தி என்ன லாபம்?" என்றார். இது லேசில் தள்ளக் கூடிய வாதம் இல்லை. எங்கள் வீட்டிலேயே அண்ணி, ஃபார்வர்டைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் தன் தைராய்டு மாத்திரையைப் போடவில்லை. அவர் வாங்குவது கோவில்பட்டியில், அளவும் 50. அந்த பேட்ச்சுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

ஆனால் அண்ணியைப் பயமுறுத்தியது யார்? கம்பெனியின் அறிவிப்பா? அதை அவர் பார்க்கவே இல்லை. பேட்ச் நம்பர் இல்லாத ஃபார்வர்டு ஊர் பூராவும் போய்விட்டது, பேட்ச் நம்பர் உள்ள அறிவிப்பு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. வாங்கியவருக்கு மட்டும் நேராக ஒரு செய்தி, அவருக்குத் தெரிந்த மொழியில் வந்தால், மற்றவர்கள் நிம்மதியாக மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குவார்கள். டாக்டர் நண்பரின் பயத்துக்கு மருந்தும் இதுதான் என்பது என் கட்சி. அவர் இன்னும் தலையாட்டவில்லை.

வீடு வரைக்கும் போக முடியும் என்பதற்கு ஒரு கசப்பான சாட்சியும் இருக்கிறது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் குழந்தைகள் செத்துப்போனபோது, நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்து பாட்டில்களை ஆஷா பணியாளர்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் வீடு வீடாகப் போய்த் தேடி வாங்கினார்கள். அது லேபிள் தப்பு இல்லை, டைஎத்திலீன் கிளைக்கால் என்கிற விஷம் கலந்த மருந்து, குற்றமே வேறு. ஆனால் விற்ற பாட்டிலைத் தேடி வாசலுக்கு ஆள் போக முடிந்தது. பிள்ளைகளைப் புதைத்த பிறகு போக முடிந்தது.

நம் தமிழ்நாட்டிலேயே 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பிரஷர், சர்க்கரை மாத்திரையைப் பெண் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுவந்து கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். எந்த வீட்டில் யார் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று அந்தப் பெண்ணுக்கு மனப்பாடம். அரசாங்கத்துக்கு இந்த வித்தை தெரியாமல் இல்லை.

க்யூஆர் கோடு வந்துவிட்டதே என்பீர்கள். 2023 ஆகஸ்ட் முதல், அதிகம் விற்கிற 300 பிராண்டுகளில் கட்டாயம். நல்லது. போனைக் காட்டினால் பேட்ச் நம்பர், தேதி எல்லாம் வரும். ஆனால் அந்தக் கோடும் லேபிளில்தான் இருக்கிறது. லேபிளே மாறிப் போயிருந்தால், கோடு அந்தத் தப்பான லேபிளைத்தான் ஒப்பிக்கும். அம்மா தேங்காய் நாரை எடுத்தால் அதுவும் போச்சு.

அம்மாவின் கதையை முடித்துவிடுகிறேன். டாக்டரிடம் போனோம். அவர் பழைய மாத்திரைகளை வேண்டாம் என்று சொல்லி, அதே 25-ல் புதுப் பாட்டில் எழுதினார். டிஎஸ்எச் எடுக்கச் சொன்னார், இசிஜி எடுத்தார். இந்தப் பாட்டிலை ஆரம்பித்து இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்ததால், அளவு கூடியிருந்தால் ரத்தத்தில் தெரிந்துவிடும் என்றார். மறுநாள் சாயங்காலம் முடிவு வந்தது. டிஎஸ்எச் சரியாக இருந்தது. அம்மா சாப்பிட்டது 25-தான். தூக்கம் போனதற்குக் காரணம் சின்ன அத்தை கோவில்பட்டியில் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டதை நாங்கள் மறைத்தும், அவருக்கு எப்படியோ தெரிந்துபோனது. எங்களிடம் கேட்காமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறார். அது வேறு கதை.

மீந்த மாத்திரையைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனசே வரவில்லை. "நல்ல மாத்திரைதானய்யா?" என்றார். நல்ல மாத்திரைதான். இரண்டாயிரம் ரூபாய் பரிசோதனைச் செலவுக்குப் பிறகு தெரிந்த நல்ல மாத்திரை.

இப்போது எங்கள் வீட்டில் சில ஏற்பாடு. பாட்டில் காலியாகும்வரை லேபிளில் கை வைக்கக் கூடாது. ஏழு நாள் டப்பாவில் ஒரு வாரத்துக்கு மட்டும் எடுத்து வைப்பது, மிச்சம் பாட்டிலிலேயே. (இந்த மாத்திரைக்கு வெளிச்சமும் ஈரமும் ஆகாது, எவர்சில்வர் சம்புடம் எப்படியும் தப்பு என்று டாக்டர் திட்டினார்.) அட்டையை நறுக்கினால் பேட்ச் நம்பர் இருக்கிற துண்டைக் கடைசியில் எடுப்பது. வாங்கியதும் லேபிளையும் மாத்திரையையும் போட்டோ எடுத்து அக்கா, அண்ணன், நான் மூவரும் பார்க்கிற இடத்தில் போடுவது, எந்த ஊரில் எந்தக் கடை என்று ஒரு வரி. புதுப் பாட்டில் மாத்திரை பழையதைப் போல இல்லையென்றால் போடுவதற்கு முன் கேட்பது. மருந்தால் ஏதோ ஆகிறது என்று சந்தேகம் வந்தால், டாக்டரிடம் போவதோடு 1800-180-3024 என்ற இலவச எண்ணிலும் சொல்லலாம், காசியாபாத்தில் இருக்கிற இந்திய மருந்தியல் ஆணையம் நடத்துகிற கண்காணிப்புத் திட்டத்தின் எண் அது.

பிறகு பில். ஷெட்யூல் எச் மருந்தைச் சீட்டுக்கு விற்றால், கம்பெனி பேர், பேட்ச் நம்பர், காலாவதித் தேதி எல்லாவற்றையும் கடைக்காரர் பதிந்து வைக்க வேண்டும் என்று விதி பல வருஷமாக இருக்கிறது. நான் கேட்டதே இல்லை. ஒவ்வொரு முறையும் எங்கள் தெரு மெடிக்கல்காரர் "பில் பாஹிஜே கா?" என்பார், நான் கையாலேயே வேண்டாம் என்பேன். பதினாறு வருஷமாக இந்த நாடகம் நடக்கிறது. பில் கேட்டால் ஏதோ அவரைச் சந்தேகப்படுகிறோம் என்று ஒரு கூச்சம், வெளியூர்க்காரன் என்ற நினைப்பு வேறு.

போன வாரம் அம்மாவுக்கு மாத்திரை வாங்கப் போனபோது, பில் வேண்டும் என்றேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தார், "கம்பெனிலே க்ளெய்ம் பண்ணணுமா?" என்று இந்தியில் கேட்டார். இல்லை, வீட்டுக்கு என்றேன். பிரிண்டர் கரகரவென்று தள்ளியது. மருந்து பேர் சரி, விலை சரி. பேட்ச் நம்பர் கட்டத்தில் மூன்று பூஜ்யம்.

இது என்ன என்றேன். "சிஸ்டத்துல அப்படித்தான் வரும், யாரும் பார்க்கறதில்ல" என்றார். நான் நகரவில்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். அவர் பெருமூச்சு விட்டு, பாட்டிலைத் திருப்பி, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, பூஜ்யங்களை அடித்துவிட்டு நம்பரைப் பேனாவால் எழுதிக் கொடுத்தார். பின்னால் நின்ற அம்மாள் ஒருவர் தன் அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவரிடம் மராத்தியில் ஏதோ கேட்டார். எனக்குப் புரிந்த வரையில், தனக்கும் எழுதித் தரச் சொன்னார்.